பின்பலகையில் பதினோரு ஆணி

எமரென்சியா சீடப்பிள்ளையாகச் சேர்ந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசானுக்கு இருபத்தொன்பது.

ஆசானின் பெயர் கிளாட்வின். ஃபைபர் படகுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். மேற்கே இரண்டு ஊர் தள்ளியிருந்து பைக்கில் வருவான். பின் சீட்டில் ரெசின் பசைக் கேன், கைப்பிடி தேய்ந்த சுத்தியல், சோற்றுத் தூக்கு. ஊரார் அவனை மேஸ்திரி என்றார்கள். எமரென்சியாதான் முதன்முதலில் ஆசானே என்று கூப்பிட்டாள். கிண்டலுக்குத்தான் கூப்பிட்டாள். அந்தக் கிண்டல் என்றைக்குக் கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது.

அவள் வந்தது பாடம் கேட்க அல்ல. காவல் இருக்க.

அவளுக்கு ஒரே மகன், பிரின்ஸ்டன். முந்தின வாரம் கரையிலிருந்து ஆறு மைல் தூரத்தில் அவனுடைய படகின் பின்பலகை ஆட ஆரம்பித்தது. எஞ்சின் தொங்குகிறதே, அந்தப் பலகை. விழப்போகிற பல்லைப் போல முன்னும் பின்னும் ஆடியது. பிரின்ஸ்டன் எஞ்சினைக் கயிற்றால் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, துடுப்புப் போட்டே கரை வந்து சேர்ந்தான்.

"இடுப்புலயா கட்டுன? எஞ்சின் விழுந்திருந்தா?" என்று எமரென்சியா கேட்டாள்.

"நானும் கூடவே போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன்" என்று சிரித்தான் அவன்.

அவன் சிரித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டான். அவளுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பலகையைப் புதிதாகக் கட்டி, அதற்கு வெளியே இரும்பில் ஒரு பிராக்கெட் வைத்து, அதில் பழையதைவிட இரண்டு மடங்கு கனமான எஞ்சினை மாட்ட வேண்டும் என்பது பிரின்ஸ்டனின் திட்டம். நான் சரி என்று சொல்லாமல் இந்தப் படகு தண்ணீரைத் தொடக் கூடாது என்பது எமரென்சியாவின் திட்டம். பஹ்ரைனில் அடுத்தவர் படகில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் இரண்டு பேர் சொன்னதையும் போனில் கேட்டுவிட்டு, "அவ சொல்றபடி செய்யிலே" என்று மகனிடம் சொல்லிவிட்டார். அப்படி முடிவு அவள் கைக்கு வந்தது.

கரையில் மீன் ஏலம் முடிந்ததும் தன் சட்டியைப் படகின் நிழலில் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஆசானே, இது எதுக்கு? அந்த டப்பாவுல என்ன? இது போதுமா? இன்னும் கொஞ்சம் தடியா வைக்கக் கூடாதா?"

ஆசான் ஒரு கத்திரிக்கோலையும் பாய் போலச் சுருட்டிய ஃபைபர் மேட்டையும் அவளிடம் நீட்டினான்.

"பாக்கிறவங்களுக்கு இங்க நிழல் இல்ல சித்தி. வெட்டுறவங்களுக்குத்தான்."

"எனக்கு இது தெரியாதே."

"தெரிஞ்சவங்க இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க. முழத்துக்கு ஒண்ணா வெட்டுங்க."

வெட்டினாள். மத்தியானத்துக்குள் இரண்டு கையும் தடித்துச் சிவந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி நூல், சொறியச் சொறிய உள்ளே போனது.

"ஆசானே, உயிர் போகுதே! அரிக்குதே!"

"சேர்ந்துட்டீங்க" என்றான் ஆசான்.

மறுநாள் சுத்தியலின் கைப்பிடியால் பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டு வந்தான். ஓரத்தில் சத்தம் கணீரென்றது. நடுவுக்கு வர வர ஈரச் சாக்கைத் தட்டுவது போலானது.

"எந்த இடத்துல சத்தம் மாறுது?"

எமரென்சியா கண்ணை மூடிக் கேட்டாள். முப்பது வருடம் ஏலக் கூச்சலுக்கு நடுவே தனக்கு வேண்டிய குரலை மட்டும் பிரித்தெடுத்த காது அது. சரியாக ஒரு சாண் அகலத்துக்குள் விரலை வைத்தாள்.

ஆசான் உள்பக்கத்து ஃபைபர் தோலைக் கிரைண்டரால் அறுத்து ஒரே தகடாக எடுத்து மணலில் வைத்தான். உள்ளே இருந்த பலகையை அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"நாலு நாள் ஐஸ் காணாத மீனு. ஏலத்துல இதுக்கு ஒருத்தி வாய் திறக்க மாட்டா. எந்தப் படுபாவி இந்த மரத்தைப் போட்டான்?"

"மரம் நல்ல மரம்தான்."

"அப்ப ஏன் அழுகுச்சு?"

ஆசான் ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தான். "தண்ணி இறங்கிக் கறுப்பு கீழ நோக்கி வழிஞ்சிருக்கு, பாருங்க. அது எங்க தொடங்குதோ அங்க ஒரு வட்டம் போடுங்க. ஒண்ணு விடாம."

போட்டாள். மேலே நாலு. நடுவில் ஐந்து. இடது ஓரத்தில் இரண்டு. பதினோரு வட்டம்.

ஆசான் அறுத்தெடுத்த தோலைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் பொருத்திப் பிடித்தான். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர் மேலே தோலில் ஓர் ஆணித் துளை இருந்தது. இரண்டு துளைகளில் துருப்பிடித்த தகரத் தகடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டில் மாதாவின் முக்காடு மட்டும் மிச்சம்.

எமரென்சியாவின் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்தது.

ஊர்த் திருவிழாவின் கடைசி நாள், சாமியார் மந்திரித்த மாதா படத் தகடுகள் கிடைக்கும். எல்லாரும் வாசல் நிலையில் அடிப்பார்கள். எமரென்சியா ஒரு கட்டாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு படகில் அடித்தாள். திருவிழாவுக்குத் திருவிழா அல்ல, பயத்துக்குப் பயம். பிரின்ஸ்டன் முதன்முதலாகத் தனியே வலைக்குப் போன அன்று ஒன்று. புயல் வருடத்தில் மூன்று. பக்கத்து வீட்டுப் படகு கவிழ்ந்து எல்லாரும் நீந்திக் கரையேறிய அன்று ஒன்று. அவர்கள் உயிரோடு வந்ததைப் பார்த்த பிறகும் ஒன்று. நடுவில் இருந்த ஐந்தும் எதற்கு அடித்தவை என்று மறந்துபோயிருந்தது. பயந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

பிரின்ஸ்டன் டீ வாங்கிக்கொண்டு வந்தான். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்க?"

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வாய் வேறு சொன்னது.

"லே, உன் படகை அழுக வச்சது நான்தான்."

அவன் வட்டங்களைப் பார்த்தான். தகடுகளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு டீ கையில் சிந்தச் சிந்தச் சிரித்தான்.

"அடப்பாவி அம்மா! எஞ்சினை அடிச்சு ஓட்டுதான், கடலை மதிக்க மாட்டேங்கான்னு ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம என்னை ஏசியாச்சு!"

"நீ என்னை ஏசுலே. ரெண்டு வார்த்தை ஏசிரு."

"எதுக்கு? நீ வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டாவது ஆணியை எடுத்துட்டு வரதுக்கா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் அழுகையும் வந்தது. ஆசான் மட்டும் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"நீரு ஒண்ணும் சொல்லலையே ஆசானே. ஆணி அடிச்சது தப்பா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டீங்க."

ஆசான் டீக் கிளாஸைக் கீழே வைத்தான். அழுகலை எல்லாம் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை இரண்டு நாள் வெயிலில் காயவிட்டான். மூன்றாம் நாள் புது மரைன் பிளைவுட் இரண்டு தகடு ஒட்டி உள்ளே இறக்கினான். ரெசினோடு அதை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கலக்கும் வேலையை எமரென்சியாவிடம் கொடுத்தான்.

"ஒரு மக் ரெசினுக்கு ஒரு மூடி. கிண்டிட்டுக் கொண்டுவாங்க."

அவள் ஒரு மூடி ஊற்றினாள். மகனை நினைத்தாள். இன்னொரு மூடி ஊற்றினாள். புது எஞ்சினின் கனத்தை நினைத்தாள். மூன்றாவதும் ஊற்றினாள்.

படகுக்கு நடந்து வருவதற்குள் மக் கையைச் சுட்டது. புகைந்தது. "ஆசானே!" என்று கத்திக்கொண்டே மணலில் போட்டாள். அடங்கிய பிறகு பிரஷைப் பிடித்து இழுத்தாள். மக்கோடு சேர்ந்து வந்தது. உள்ளே ரெசின் பாறையாகியிருந்தது.

"பலத்துக்குன்னு கூட ரெண்டு மூடி..." என்று இழுத்தாள்.

ஆசான் அதை வாங்கித் தட்டிப் பார்த்தான். "நல்ல பலம். இந்த மக்கை இனி யாராலயும் உடைக்க முடியாது. படகுக்கு வேற மக் கொண்டுவாங்க."

பிரின்ஸ்டன் அந்த மக்கை ஏலக்கூடத்துக்கு எடுத்துப்போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தான். அன்று சாயங்காலம்வரை, "எமரென்சி மைனி, ஒரு மக் டீ போடட்டா?" என்று கேட்காத ஆள் கரையில் இல்லை.

அடுத்த மக்கில் ஒரே மூடிதான். மேட்டை விரித்து, ரெசினில் நனைத்து, உருளையால் காற்றுக் குமிழை ஓட்டி ஓட்டி வெளியே தள்ளினாள். படகின் இரு பக்கச் சுவரோடும் பலகையைச் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு நாளில் பின்பலகை, எங்கே தட்டினாலும் ஒரே சத்தமாக, கணீரென்று நின்றது. எமரென்சியா காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை தட்டிப் பார்த்துப் பூரித்தாள். ஒரு கீறல் இல்லை. ஒரு துளை இல்லை.

அப்போது ஆசான் துளைபோடும் மெஷினை எடுத்து வந்தான்.

அவள் பலகைக்கு முதுகு கொடுத்து நின்றாள்.

"எதுக்கு அது?"

"பிராக்கெட்டுக்கு எட்டு போல்ட் போகணும் சித்தி."

"மறுபடியும் ஓட்டையா? பதினொண்ணுல பட்டது போதாதா? ஓட்டை போடாம வைக்க வழியில்லையா?"

ஆசான் யோசித்தான். "இருக்கு."

"அப்படி வையும்."

"எஞ்சினைக் கரையில வச்சிருவோம். படகைப் பக்கத்துல வச்சிருவோம்."

அவள் நகர்ந்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. போல்ட் சுண்டுவிரல் தடிமன். ஆசான் போட்ட ஓட்டையோ கட்டைவிரல் நுழையும்படி இருந்தது.

"ஏன் ஆசானே, உமக்குக் கண்ணு தெரியலையா? இம்மாம் பெரிசா?"

"இன்னும் ஏழு இருக்கு. கலவை தயார் பண்ணுங்க."

ரெசினில் வெள்ளைத் தூளைக் கொட்டி மாவு பதத்துக்குப் பிசைந்தாள். எட்டு ஓட்டையையும் அவளையே அடைக்கச் சொன்னான். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல விரலால் தள்ளித் தள்ளி அடைத்தாள். மறுநாள் அது கல்லாக இறுகியிருந்தது. ஆசான் அந்தக் கல்லின் நடுவில், இந்த முறை போல்ட்டின் அளவுக்கே, மறுபடி துளைத்தான்.

"விரலை விட்டுப் பாருங்க."

சுண்டுவிரலை விட்டாள். உள்ளே வழவழவென்று, சங்கின் உள்வாய் போல இருந்தது.

"மரம் எங்க இருக்கு?" என்று ஆசான் கேட்டான்.

தடவித் தடவிப் பார்த்தாள். "மரத்தைக் காணோமே."

"தண்ணியும் வந்து அதைத்தான் சொல்லும்."

எமரென்சியா விரலை எடுத்தாள். பிறகு மீதி ஏழிலும் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தாள்.

பிராக்கெட் ஏறியது. உள்ளே ஒரு தகடு, வெளியே பிராக்கெட், நடுவில் எட்டு போல்ட். பளபளவென்று படகுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது.

"தாங்குமா ஆசானே?"

"எஞ்சின் ஒரு ஆள் கனம். ஆனா கடல்ல அது சும்மா இருக்காது, குதிக்கும். மூணு பேரைக் கூட்டிட்டு வாங்க. குதிக்கத் தெரிஞ்சவங்களா."

ஏலக்கூடத்திலிருந்து அவள் கூட்டிவந்தவர்களில் முன்னால் வந்தவள் மெற்றில்டா. அவள் உட்கார்ந்தால் ஷேர் ஆட்டோவில் அந்த சீட் நிறைந்தது. பிராக்கெட்டின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது. மெற்றில்டா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏட்டி, பொம்பளை படகுல கால் வைக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல சட்டமாச்சே!"

"இது படகு இல்ல மைனி" என்றாள் எமரென்சியா. "பிராக்கெட்டு. படகுக்கு வெளியதான் இருக்கு."

"அப்படியா? பிராக்கெட்டுக்குச் சட்டம் இல்லைன்னா ஏறிருவோம்."

இரண்டு பேர் ஏறினார்கள். மெற்றில்டாவை மூன்று பேர் சேர்ந்து ஏற்றினார்கள். பலகை அசையவில்லை.

"நீங்களும் ஏறுங்க சித்தி. வெளி ஓரத்துல நில்லுங்க" என்றான் ஆசான்.

எமரென்சியா பின்வாங்கினாள். "உடைஞ்சா?"

"உடைஞ்சா மணல்ல விழுவீங்க. முட்டி உயரம். உடையுறதுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். மெற்றில்டாவின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"குதிங்க" என்றான் ஆசான்.

யாரும் குதிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் குதித்தது எமரென்சியாதான். சின்னக் குதி, கோழி திண்டிலிருந்து இறங்குவது போல. பலகை கம்மென்று இருந்தது. இன்னொன்று குதித்தாள், இந்த முறை உயர. அப்புறம் நாலு பேரும் கைகோத்துக்கொண்டு கூவிக் கூவிக் குதித்தார்கள். ஏலம் நின்றுவிட்டது. விலை கூறிக்கொண்டிருந்தவர் பாதி விலையை வாயில் வைத்துக்கொண்டே ஓடிவந்தார். எங்களுக்கும் ஒரு தரம் என்று ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

"எம்மா, இறங்கும்மா! படகு எனக்கும் கொஞ்சம் வேணும்!" என்று பிரின்ஸ்டன் கத்தினான்.

அவள் இறங்கிவந்தபோது முகம் முழுக்க வேர்வை. மூச்சு வாங்கியது. மகனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இறக்கு."

மறுநாள் காலை படகு தண்ணீரைத் தொட்டது. பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ள, பிரின்ஸ்டன் ஏறிக் கயிற்றை இழுக்க, புது எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. முதல் அலையைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவது அலையில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கி, அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு கணம் கரையிலிருந்து எதுவும் தெரியவில்லை. பிறகு அலைக்கு அப்பால் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு, வலம் ஒரு வட்டம், இடம் ஒரு வட்டம், அரைமணி நேரம் அவன் கடலில் கூத்தாடிவிட்டுத் திரும்பினான்.

எமரென்சியா முட்டளவு தண்ணீரில் இறங்கி நின்று பின்பலகையைத் தடவினாள். உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். சொட்டு ஈரம் இல்லை.

கரையில் ஆசான் ரெசின் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஈரச் சேலையோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஆசானே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பலகை புதுசு. பிராக்கெட்டு புதுசு. ஏறிக் குதிச்சும் பாத்தாச்சு. இருந்தும் அவன் மூணாவது அலையைத் தாண்டினப்ப எனக்கு முன்ன மாதிரியேதான் பயமா இருந்துச்சு. ஒரு பொட்டு குறையல. இந்தப் பயம் எப்பப் போகும்?"

ஆசான் பைக்கின் பையிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு படகுக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள். முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து மெல்லத் திருப்பினான். போல்ட் கால் சுற்று நகர்ந்தது.

"ஐயோ, தளர்ந்திருக்கே!"

"தளரும். எஞ்சின் ஆட ஆட எல்லாம் அதது இடத்துல உக்காரும். தினமும் படகு வந்ததும் பாக்கணும். எது நகருதோ அதை நகர்ற வரைக்கும் திருப்பணும். நின்னா விட்டுறணும். நின்ன பிறகும் முறுக்கினா உள்ள பலகை நசுங்கிரும்."

ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தான்.

இரண்டாவது போல்ட் கொஞ்சம் நகர்ந்து நின்றது. விட்டாள். மூன்றாவது நகரவேயில்லை. விட்டாள். நான்காவது நகர்ந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தப் பார்த்தாள். ஆசான் அவள் மணிக்கட்டை ஒரு விரலால் தட்டினான். விட்டாள்.

எட்டாவது முடிந்து நிமிர்ந்தபோது பிரின்ஸ்டன் படகுக்குள் உட்கார்ந்து அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "என்ன மேஸ்திரியம்மா, போகலாமா?"

"சும்மா இருலே." அவள் ஆசான் பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் சரி. நான் கேட்டதுக்குப் பதில் வரலையே. பயம் எப்பப் போகும்?"

ஆசான் மணலில் நடந்துபோய்ப் பைக்கை மிதித்துக் கிளப்பினான். சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்திச் சொன்னான்.

"அது போயிட்டா, நாளைக்குச் சாயங்காலம் ஸ்பேனரோட இங்க யாரு வருவா சித்தி?"